உப்புத் தண்ணீர் எங்கே கல்லாகிறது?

கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?" நல்ல தண்ணீர் என்றால் மாநகராட்சிக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் அல்லது பில்லூர்த் தண்ணீர். மற்றது போர் தண்ணீர். ஊர் வழக்கில் உப்புத் தண்ணீர், சில பகுதிகளில் சப்பைத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் முதல் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் இரண்டாவது தண்ணீர் என்று வீடு கட்டும்போதே குழாய்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். வயிற்றைக் காப்பாற்ற இது நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் தண்ணீரைச் சூடாக்கும் விலை உயர்ந்த சாதனங்கள் எல்லாம், அதாவது குளியலறை ஹீட்டர், மொட்டை மாடி சோலார், வாஷிங் மெஷின் மூன்றும், உப்புத் தண்ணீர்க் குழாயிலேயே மாட்டிக்கொண்டன. அந்தத் தண்ணீர் அதிகமாகச் சேதம் செய்யும் இடமும் அதுதான்.

சிறுவாணித் தண்ணீர் ஏன் இனிக்கிறது, போர் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்பதற்கு விடை நிலத்துக்குள் இருக்கிறது. சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் இருக்கிறது. அங்கே பெய்யும் மழை காட்டுச் சரிவுகளில் வழிந்து நேராக அணைக்கு வந்துவிடுகிறது. வழியில் பாறையைக் கரைத்து எடுத்துக்கொள்ள அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. போர் தண்ணீரின் கதை வேறு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலத்தோடு ஆழத்துப் பாறை விரிசல்களில் பல ஆண்டுகள் தங்கி, சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. கொங்குப் பகுதி மலையின் மழை மறைவில் இருப்பதால், உப்பைக் கழுவிக் கொண்டுபோகும் அளவுக்கு மழையும் பெய்வதில்லை. மதுக்கரையில் 1930களிலேயே சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணம் அங்கேயே கிடைத்த சுண்ணாம்புக் கல்தான். தோட்டத்தில் உழும்போது கொழுவில் இடறும் வெள்ளை நிறச் சுக்கான்கல்லும் அதே சரக்குதான். சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருளாகும் அதே கால்சியம் கார்பனேட்தான் கண்ணுக்குத் தெரியாமல் போர் தண்ணீரில் கரைந்து வீட்டுக்குள் வருகிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கொங்கு மண்டலத்தில் அந்த 600-ஐத் தாண்டிய போர்கள் பல உண்டு. இந்த வரம்புகள் குடிநீருக்கானவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஹீட்டருக்கு 200 என்பதே அதிகம். 180-க்கு மேல் இருந்தாலே அதை மிகக் கடின நீர் என்று வகைப்படுத்துகிறார்கள். குடிப்பவர் உடம்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை இங்கே நீட்டப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த வரம்பும் வைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் சமையலறைகளுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. பருப்பின் செல் சுவரில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. வேகும்போது அது தளர வேண்டும். தண்ணீரில் உள்ள கால்சியம் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. அதனால்தான் துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கிறது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் மசிந்துவிடுவதற்குக் காரணம், சோடாவின் காரத்தன்மை பெக்டினைத் தளர்த்துவதோடு கால்சியத்தையும் பிரித்து வெளியே தள்ளிவிடுவதுதான். சோப்பு நுரைக்காததற்குக் காரணமும் கால்சியமே: சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திரளாகி வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

சாதனங்கள் கெடுவதைப் புரிந்துகொள்ள இன்னும் ஒன்று தெரிய வேண்டும். சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சூடான தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் இதற்கு நேர்மாறு. சூடு ஏற ஏறக் கரையும் அளவு குறையும். நிலத்தடி நீரில் அது பைகார்பனேட் வடிவில் கரைந்திருக்கிறது. சூடேறியதும் பைகார்பனேட் உடைந்து, கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பு திடப்பொருளாகப் படிகிறது. கொதிக்க வைத்தால் நீங்கும் இந்தப் பகுதிக்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பெயர். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் மீதிப் பகுதி எவ்வளவு கொதித்தாலும் நீங்காது. அது நிரந்தரக் கடினத்தன்மை. ஒரே போர் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருபது ஆண்டுகள் ஓடிய குழாயில் பெரிய அடைப்பு ஏதும் இல்லாமல் இருப்பதும், அதே தண்ணீர் ஹீட்டரை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடக்கிவிடுவதும் இதனால்தான். தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்பதோடு, அந்தத் தண்ணீர் எந்த இடத்தில் எவ்வளவு சூடாகிறது என்பதும் சேதத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 60 லிட்டர் தண்ணீர் ஹீட்டர் வழியாகப் போகிறது, அதில் தற்காலிகக் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஹீட்டருக்குள் நுழையும் சுண்ணாம்பு 24 கிராம். ஓராண்டில் எட்டே முக்கால் கிலோ. இதில் பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். இருபதில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 440 கிராம் கல். அது தொட்டி முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. மிகச் சூடான இடமான காயிலின் மேல்தான் முதலில் பிடிக்கிறது.

பழுதான ஹீட்டரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மெக்கானிக் அடித்தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் முதலில் கலங்கல் தண்ணீர் கொட்டும். பின்னாலேயே முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போன்ற வெள்ளையும் பழுப்புமான சில்லுகள் வாளியில் சலசலவென்று விழும். வெளியே எடுத்த காயில் விரல் பருமனிலிருந்து கட்டைவிரல் பருமனுக்கு ஊதியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் தடித்த பட்டையாக உதிரும். அடியில் உலோகம் கறுத்து, சில இடங்களில் வெடிப்பு விட்டிருக்கும். ஹீட்டர் ஓடும்போது உள்ளே படபடவென்று பொரிவது போல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால் படிவு தடித்துவிட்டது என்று பொருள். கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடிக்கும் ஓசை அது.

வெடிப்பு விட்ட காயிலை அலட்சியமாக விடக் கூடாது. காயிலின் உலோக உறைக்குள் மின்கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைக்கப்பட்டிருக்கும். சூட்டைக் கடத்தி மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. உறை வெடித்து அந்தத் தூள் ஈரமானால் மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். "ஹீட்டர் போட்டால் இ.எல்.சி.பி. விழுகிறது" என்று பல வீடுகளில் சொல்வது இந்தக் கசிவைத்தான். இ.எல்.சி.பி. என்பது மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. அது அப்படி விழுந்தால் உங்கள் உயிரைக் காக்கிறது. அதைத் துண்டித்துவிட்டு ஹீட்டரை மட்டும் நேரடியாக இணைத்துக் கொடுக்கும் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள். இ.எல்.சி.பி.யே இல்லாத பழைய வீடுகளில் கடின நீரும் ஹீட்டரும் சேர்ந்து இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. குளிப்பதற்கு முன் ஹீட்டரை அணைத்துவிடும் பழக்கத்தை அந்த வீடுகளில் கட்டாயமாக்க வேண்டும்.

விற்பனைக்கு வருகிறவர்கள் முதலில் பேசுவது இந்த ஆபத்தைப் பற்றி அல்ல, மின்கட்டணத்தைப் பற்றி. உப்புப் படிவால் உங்கள் கரண்ட் பில் முப்பது சதவீதம் ஏறுகிறது, எங்கள் கருவியை மாட்டினால் மிச்சம் என்பார்கள். மின்சார ஹீட்டரைப் பொறுத்தவரை இது சரியல்ல. தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் காயிலில் உண்டாகும் வெப்பத்துக்குப் போக வேறு இடமில்லை. படிவு தடித்தால் காயிலின் சூடுதான் எகிறும். அந்தச் சூடு சற்றுத் தாமதித்தாவது தண்ணீருக்குள்தான் சேரும். 2009-இல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிறுவனம் கடின நீரில் ஹீட்டர்களை ஓட்டிச் சோதித்தபோது, மின்சார ஹீட்டர்களின் திறன் கடைசிவரை மாறாமல் இருந்தது. காயிலின் ஆயுள் குறையும் என்றுதான் அறிக்கை சொன்னது. எரிவாயு ஹீட்டர்கள் திறனை இழந்தன, ஏனென்றால் அங்கே தண்ணீருக்குள் போக முடியாத சூடு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நீர் சுத்திகரிப்புத் தொழில்துறை சார்ந்த ஆராய்ச்சி அமைப்பு. அந்தத் தொழிலின் விற்பனைக்கு உதவாத முடிவு என்பதால் மின்சார ஹீட்டர் பற்றிய முடிவு கூடுதலாக நம்பத்தக்கது என்பது என் எண்ணம். ஆக, வீட்டு மின்சார ஹீட்டரில் நமக்கு ஆகும் நட்டம் கரண்ட் பில்லில் இல்லை. அடிக்கடி மாற்றும் காயிலிலும், ஓட்டையாகும் தொட்டியிலும், மின்கசிவு அபாயத்திலும் இருக்கிறது.

சோலார் ஹீட்டர் பற்றி இரண்டு வார்த்தை. தட்டையான தகடு வகையில் தண்ணீர் மெல்லிய செப்புக் குழாய்களுக்குள் ஓடுகிறது. உப்புத் தண்ணீர் ஊரில் அந்தக் குழாய்கள் அடைத்துக்கொள்வது திண்ணம். அகலமான கண்ணாடிக் குழல் வகை அதைவிடத் தாங்கும். அதிலும் குழலின் அடியில் சுண்ணாம்பு சேரும், ஆனால் கழற்றிக் கழுவலாம். பலரும் கவனிக்காதது கோடைக்காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெந்நீரை யாரும் தொடுவதில்லை. ஆனால் தொட்டியில் சூடு உச்சத்துக்குப் போவது அப்போதுதான். பயன்படுத்தாத அந்த வெந்நீர் நாள் முழுவதும் கொதிநிலையை நெருங்கிக்கொண்டு கல்லைப் படிய வைக்கிறது. கோடையில் சோலாரின் மேல் துணியையோ தார்ப்பாயையோ போட்டு மூடி வைப்பது செலவில்லாத நல்ல காப்பு.

வாஷிங் மெஷினில் மேலே திறக்கும் வகை பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் ஓடுவதால் அதற்குள் கல் படிவது குறைவு. அங்கே பாதிப்பு துணிக்குத்தான்: சலவைத்தூள் கால்சியத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோக, துணி விறைத்து, வெள்ளைச் சட்டை சாம்பல் பூக்கும். முன்னால் திறக்கும் வகைக்கு உள்ளேயே ஹீட்டர் உண்டு. அதை 60 டிகிரியில் ஓட்டுகிறவர்கள் குளியலறை ஹீட்டரின் தலைவிதியை அதற்கும் கொடுக்கிறார்கள். அன்றாடத் துணிக்கு 30 அல்லது 40 டிகிரி போதும்.

சூடு இல்லாமலும் கல் படியும் வழி ஒன்று இருக்கிறது, அது ஆவியாதல். தண்ணீர் மட்டும் காற்றில் போய்விட, கரைந்திருந்த அனைத்தும் அப்படியே மிஞ்சும். ஷவரின் துளைகள் அடைபடுவதும், ஏர் கூலரின் பட்டைகள் கல்லாக இறுகுவதும், ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் வெள்ளைச் சட்டையில் பழுப்புத் தண்ணீரைத் துப்புவதும் இதனால். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும் என்பதும் இதே வகைக் காரணத்தால்தான். அங்கே தண்ணீர் குறையக் குறைய அசுத்தம் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். ஆத்திரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பேட்டரியைக் கொன்ற வீடுகள் நிறைய.

சரி, நம் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாப் பொருள்களின் மொத்த அளவையும் ஒரே எண்ணாகக் காட்டும், பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் நனைத்து, "பாருங்கள் சார், 900" என்று காட்டுவதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அந்தக் கருவி அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் தன்மையை. சாதாரண உப்பு கரைந்திருந்தாலும் எண் ஏறும், சுண்ணாம்பு கரைந்திருந்தாலும் ஏறும். கடற்கரையோரக் கிணற்றின் 900-க்கும் மதுக்கரைப் பக்கத்துப் போரின் 900-க்கும் அதனால் வேறுபாடு சொல்ல முடியாது. முன்னது உலோகத்தை அரிக்கும், பின்னது கல்லைப் படிய வைக்கும். கடினத்தன்மையை ஆய்வகத்தில் வேதிக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிறார்கள். திராட்சை ரச நிறத்தில் இருக்கும் தண்ணீர் நீலமாக மாறும் கணத்தில் எத்தனை மில்லி விட்டோம் என்பதுதான் கணக்கு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். காரத்தன்மை உயர்ந்திருந்தால் தற்காலிகப் பகுதி அதிகம் என்றும், ஹீட்டருக்குக் கெடுதல் அதிகம் என்றும் கொள்ளலாம்.

அடுத்தது கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி. இதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன. கல் படியாது என்பது உண்மை. நன்றாகவே வேலை செய்யும் கருவி இது. ஆனால் டி.டி.எஸ். எண் குறையாது. 500 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் ஏறும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர்கள் அதைக் குடிக்கக் கூடாது. செடிக்கும் ஊற்றக் கூடாது, மண் இறுகிவிடும். ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கழிவு உப்பு நீர் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் அது காலி மனைக்குள் இறங்கி, தெருவில் உள்ள எல்லோருடைய போர் தண்ணீரையும் இன்னும் உப்பாக்குகிறது. முழு வீட்டுக்கும் சாஃப்ட்னர் மாட்டிக் கழிப்பறைத் தண்ணீரைக்கூட மென்மையாக்குவது அந்தத் தெருவுக்கே செய்யும் தீங்கு என்று நினைக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாயில் மட்டும் சிறியதாக ஒன்று மாட்டினால் போதும். குழாயின் மேல் சுற்றும் காந்தப் பட்டையும், அலை அனுப்பும் பெட்டியும் கால்சியத்தைத் தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஆய்வகத்தில் சோதித்தால் கடினத்தன்மை ஒரே எண்ணாகத்தான் வரும். அவற்றை நம்பிப் பணம் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கருவி ஏதும் வாங்காமல் செய்யக்கூடியவை பல இருக்கின்றன, எல்லாமே சூட்டைக் குறைப்பதிலிருந்து தொடங்குகின்றன. ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்துவிட்டுப் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிறோம். உடம்பு தாங்கும் சூடு 40 டிகிரியைச் சுற்றித்தான். 50 அல்லது 55-இல் வைத்தால் படிவு வெகுவாகக் குறையும். போட்டு, குளித்து, அணைத்துவிடும் வீடுகளுக்கு இது பொருந்தும். பல நாள் வெதுவெதுப்பாகத் தண்ணீர் தேங்கும் தொட்டியில் லெஜியனெல்லா கிருமி வளரலாம் என்பதால், ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஒருமுறை 60-க்கு மேல் சூடாக்கி, தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஹீட்டரைத் திறந்து கல்லை எடுக்கச் சொல்லுங்கள். அப்போதே உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காக்கும் கம்பி அது. உப்பு அதிகமான தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். அது தீர்ந்த பிறகு அரிபடத் தொடங்குவது தொட்டிதான். காயிலை விடக் கம்பி விலை குறைவு, தொட்டியை விடக் காயில் விலை குறைவு.

கல்லைக் கரைக்க மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே (சிட்ரிக் அமிலம்) போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி போட்டு எலெக்ட்ரிக் கெட்டிலில் அரை மணி நேரம் ஊற வைத்தால் நுரைத்துக் கரைந்துவிடும். ஷவர் தலையைக் கழற்றி அதே கரைசலில் இரவு முழுக்க மூழ்க வைக்கலாம். புளி கரைத்துப் பித்தளைப் பாத்திரம் துலக்கும் வீட்டில் இந்த வித்தை புதிதல்ல. ஒரே எச்சரிக்கை: சமையல் மேடை கடப்பா கல்லாகவோ மார்பிளாகவோ இருந்தால் கரைசல் அதன் மேல் சிந்தக் கூடாது. அந்தக் கற்களும் கால்சியம் கார்பனேட்தான். பாலிஷ் போய் வெளுத்துவிடும். பாட்டிலில் வரும் பாத்ரூம் ஆசிட்டை ஹீட்டருக்குள் ஊற்றும் மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள், அது செம்பையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும். அதையே பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

மழை பெய்கிற வாரங்களில் மொட்டை மாடித் தண்ணீரை வீணாக்க வேண்டாம். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. மழைநீரில் சுண்ணாம்பு அநேகமாக இல்லை. அதைப் போருக்கு அருகில் மண்ணுக்குள் இறக்கினால் அந்தப் போரின் உப்பு மட்டுப்படும். ஒரு டிரம்மில் வடிகட்டிப் பிடித்தால் அயர்ன் பாக்ஸுக்கும் ஏர் கூலருக்கும் ஆகும்.

புதிதாக ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் நட்சத்திரக் குறியீட்டைப் பார்ப்பதோடு உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள். தண்ணீரின் கடினத்தன்மை இத்தனைக்கு மேல் இருந்தால் உத்தரவாதம் செல்லாது, உப்புப் படிவால் வரும் பழுது எங்கள் பொறுப்பல்ல என்ற வரி பல அட்டைகளில் இருக்கும். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் உப்புத் தண்ணீருக்கு ஏற்றதல்ல. சிறிய இடத்தில் கடுஞ்சூடு என்பதால் சீக்கிரம் அடைக்கும். காயிலையும் மக்னீசியக் கம்பியையும் தனித்தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, அவை உள்ளூரில் கிடைக்கின்றனவா என்று கேட்டு, "கிடைக்கும்" என்று சொன்னால் விலையையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.